பெலிக்ஸுக்கு ஒரு பெட்டி

ராயப்பராஜுக்கு வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எழுதும் வேலை. திண்டுக்கல் நாகல் நகர்ப் பக்கம் அவருடைய பகுதி. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வாசலிலும் நின்று "ஈ.பி." என்பார். வேறெதுவும் சொல்லத் தேவையிருக்காது. அட்டையை நீட்டுவார்கள். நாய் இருந்தால் பிடித்துக்கொள்வார்கள். எல்லா வீட்டிலும் அவரைத் தெரியும். எந்த வீட்டிலும் அவரைப் பற்றித் தெரியாது.

வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. வீடு மரியநாதபுரத்தில். மனைவி ஜெயமேரி ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளை இல்லை.

நூர் அகமதுவின் வீடியோ கேம் கடைக்கு முதலில் அவர் மீட்டர் பார்க்கத்தான் போனார். அரிசிக்கடையாக இருந்த நீளமான அறை அது. டிவிகளை வரிசையாக வைத்து, நடுநடுவே பழைய சேலையைக் கட்டித் தடுத்திருந்தார்கள். மீட்டர் கடைசி டிவிக்கு மேலே சுவரில் இருந்தது. அதைப் படிக்க, ஆடிக்கொண்டிருக்கும் பையன்களை விலக்கி, ஸ்டூலில் ஏற வேண்டும். ஒரு நாள் ஏறி எண்ணைப் பார்த்துவிட்டு இறங்கும்போது கீழே டிவியில் ஒரு சிவப்புக் கார் மலைப்பாதை வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே நின்றார். அட்டையில் எழுதப் போகும்போது எண் மறந்திருந்தது. மறுபடியும் ஸ்டூலில் ஏறினார்.

நூர் அகமது சிரித்துவிட்டு, "செத்த நேரம் உக்காந்து பாருங்க சார். ஒண்ணும் ஆகாது" என்றார்.

உட்கார்ந்தார். கார் சுவரில் முட்டி முட்டி நின்றது. பின்னால் இருந்த பையன்கள் சிரித்தார்கள். டீக்கடைக்காரரின் மகன் முனியப்பன் மட்டும் சிரிக்காமல், வளைவுக்கு முன்னாலேயே பட்டனை விட்டுவிடணும் சார் என்று சொல்லிக்கொடுத்தான். விட்டார். கார் வளைந்தது.

அதன் பிறகு சாயங்காலங்களில் போக ஆரம்பித்தார். ஜெயமேரியிடம் நடக்கப் போவதாகச் சொன்னார். டாக்டர் ஏற்கெனவே நடக்கச் சொல்லியிருந்தது வசதியாகப் போயிற்று. அவள் ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ வாங்கி வந்து கொடுத்தாள். தினமும் அதைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

கடையில் அவர் நுழைந்தால் ஒரு பையன் எழுந்திருக்க வேண்டும். அப்படி ஒரு வழக்கம் தானாக ஏற்பட்டுவிட்டது. "ஏலே முனி, எந்திரி. சார் வந்திருக்காருல்ல" என்பார் நூர் அகமது. முனியப்பன் கொடுத்த காசுக்கு இன்னும் நேரம் மிச்சமிருக்கும். ஆனாலும் எழுந்து, அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நிற்பான். ராயப்பராஜ் வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். சொல்லிக்கொண்டே உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்த பிறகு முதுகு கூசும். வண்டி ஓட ஆரம்பித்ததும் அது மறந்துபோகும்.

ஒரு நாள் ஒருவர் வந்து தன் மகனைக் காதைப் பிடித்துத் தூக்கினார். நாகல் நகரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். அவருடைய மீட்டரையும் ராயப்பராஜ்தான் பார்ப்பார். பாத்திரக்கடைக்காரர் மகனை இழுத்துக்கொண்டு திரும்பும்போது சேலைக்கு இந்தப் பக்கம் இருந்தவரைக் கவனித்தார். ராயப்பராஜின் இரண்டு கையிலும் ஜாய்ஸ்டிக் இருந்தது. ஒயர் மடிமேல் கிடந்தது.

"நீங்களுமா சார்" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அந்த ஆள் மகனை அடித்துக்கொண்டே தெருவில் போனது கேட்டது. ராயப்பராஜ் ஆட்டத்தை முடிக்காமல் எழுந்தார். அந்த மாதம் பாத்திரக்கடையில் மீட்டர் பார்க்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார்.

வீட்டில் ஒரு கேம் பெட்டி இருந்தால் இந்தக் கஷ்டம் இல்லை என்று அப்போதுதான் தோன்றியது. கதவைச் சாத்திக்கொண்டு ஆடலாம். யாரும் எழுந்து நிற்க வேண்டியதில்லை. விலை அவரால் முடியாததும் அல்ல. முடியாததாக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பெட்டி வீட்டுக்கு வந்தால் டிவிக்குக் கீழே இருக்கும். வருகிறவர்கள் பார்ப்பார்கள். பிள்ளை இல்லாத வீட்டில் விளையாட்டுச் சாமான் எதற்கு என்று கேட்க மாட்டார்கள். கேட்காமல் பார்ப்பார்கள். ஜெயமேரியைப் பார்ப்பார்கள்.

இரண்டாயிரத்து இரண்டின் தொடக்கத்தில் நூர் அகமது, சென்னையிலிருந்து புது மாதிரிப் பெட்டி ஒன்று வரவழைக்கப் போவதாகச் சொன்னார். கேசட்டை எடுத்து வாயால் ஊதிச் செருகும் கதை முடிந்தது. இதில் சிடி போட்டால் போதும். கார் நிஜக் கார் மாதிரியே இருக்கும், மழை பெய்தால் கண்ணாடியில் தண்ணீர் வழியும் என்றார். வேண்டுமானால் இரண்டாகச் சொல்லிவிடலாமாம்.

"வீட்டுக்கா சார்? பையனுக்கா?"

ராயப்பராஜ், "ஆமா பாய்" என்றார்.

"அட, பையன் இருக்கான்னு சொல்லவே இல்லையே. பேரு என்ன?"

"பெலிக்ஸ்."

"என்ன படிக்கிறான்?"

"அஞ்சாவது."

யோசித்துச் சொன்னது இல்லை. கேட்டார், வாயிலிருந்து வந்தது. அந்தப் பெயர் பல வருஷமாக வாயில்தான் இருந்தது. கல்யாணமான முதல் வருஷம் நிலக்கோட்டையில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பஸ்ஸில் மல்லிகை மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு ஜெயமேரி சொன்ன பெயர். பையன் என்றால் பெலிக்ஸ், பெண் என்றால் ரீனா. மூட்டையில் தெளித்திருந்த தண்ணீர் அவள் சேலையை நனைத்திருந்தது. அன்றைக்கு அவளுக்கு அது ஒரு பொருட்டாக இல்லை.

அதன் பிறகு நூர் அகமது பையனைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார். விசாரித்தால் பதில் சொல்ல வேண்டுமே. பெலிக்ஸ் கத்தரிக்காய் சாப்பிட மாட்டான். சைக்கிள் ஓட்டப் பயம். கணக்கில் கொஞ்சம் மந்தம். இதை ஏன் சொன்னோம் என்று ராயப்பராஜ் வீடு வரும் வழியெல்லாம் யோசித்தார். இல்லாத பிள்ளையை மந்தம் என்று ஏன் சொல்ல வேண்டும்? மறுநாள் கடைக்குப் போய், மந்தமெல்லாம் இல்லை, கவனம்தான் போதாது என்று திருத்தினார். சொன்னபோது மனசுக்கு இதமாக இருந்தது. அந்த இதம்தான் பிறகு படுக்கையில் அவரைச் சுட்டது.

ஜெயமேரி அந்த வருஷம் அந்தோணியாருக்குப் பதின்மூன்று செவ்வாய் விரதம் இருந்தாள். செவ்வாய்தோறும் கோயிலுக்குப் போய் வந்து, கடைசிச் செவ்வாயன்று பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துச் சோறு போடுவது அவர்கள் பக்கத்து வழக்கம். சாப்பிட வரும் பிள்ளைகளின் கையில் வீட்டுக்காரிதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் அந்தப் பிள்ளைகள் வீட்டுக்கு என்ன வேண்டுமோ அதைக் கேட்டு ஜெபம் சொல்லும். பிள்ளைகள் கேட்டால் அந்தோணியார் மறுக்க மாட்டார் என்பார்கள்.

இதற்கு முன்பும் அவள் இருந்திருக்கிறாள். அப்போதெல்லாம் தெருப் பிள்ளைகள்தான் வந்தார்கள். போன முறை எதிர்வீட்டுப் பெண் தன் குழந்தையின் கன்னத்தில் பெரிய மைப்பொட்டு வைத்து அனுப்பியிருந்தாள். வேறு இரண்டு வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார்கள். அதே பிள்ளைகள் சாயங்காலம் தெருவில் கில்லி விளையாடின. இந்த முறை ஜெயமேரி, "நம்ம தெருப் பிள்ளைக வேணாம். வேற எங்கயாச்சும் இருந்து கூட்டிட்டு வாங்க" என்றாள்.

வேறு எங்கிருந்து? அவருக்குத் தெரிந்த பிள்ளைகள் ஒரே இடத்தில்தான் இருந்தார்கள்.

கோடை விடுமுறை. நாகல் நகரில் கேம் கடைக்கு வரும் பையன்களின் வீடு வீடாகப் போய்க் கேட்டார். ஈ.பி. சார் கேட்கிறாரே என்று எல்லாரும் அனுப்பினார்கள். யாரும் மைப்பொட்டு வைக்கவில்லை. அது அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஒன்று அவர் நினைவுக்கு வரவில்லை. அந்தக் கடையில் அவர் ஒரு தகப்பன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஏதோ ஒரு இடத்தில் அதை அவர் தினமும் இறக்கிவைத்துவிட்டு வருவார். அன்று பையன்களை இரண்டு ஆட்டோவில் அடைத்துக்கொண்டு வந்தபோதும் அப்படித்தான் வந்தார்.

ஜெயமேரியின் அக்கா பாத்திமா காலையிலேயே வந்து சமையலுக்கு நின்றிருந்தாள். ஜெபம் சொல்லிக்கொடுப்பதும் அவள்தான். பையன்கள் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஜெயமேரி செம்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கையாகத் தண்ணீர் ஊற்றினாள். முனியப்பனின் விரலில் சைக்கிள் மை இருந்தது. சேலை முந்தானையால் அதைத் தேய்த்துவிட்டாள். சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு வெஞ்சனம், ஆளுக்கொரு அவித்த முட்டை. கத்தரிக்காயும் இருந்தது. ஒருவனும் மிச்சம் வைக்கவில்லை. பாயசம் குடித்துவிட்டு ஒருவன் ஏப்பம் விட்டான். எல்லாரும் சிரித்தார்கள். ஜெயமேரியும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. ராயப்பராஜ் கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பாத்திமா மெழுகுவர்த்தியை ஏற்றி, பையன்களைக் கைகூப்பச் சொன்னாள். தான் சொல்வதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றாள்.

"கோடி அற்புதரான அந்தோணியாரே."

சொன்னார்கள்.

"இந்த வீட்டுக்கு ஒரு பிள்ளையைத் தாரும்."

பாதிப் பேர் சொன்னார்கள். பாதிப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முனியப்பன் கூப்பிய கையோடு, "பெலிக்ஸ் இருக்கான்ல?" என்றான்.

பாத்திமா நிறுத்தினாள். "யாருப்பா?"

"சாரோட பையன். அஞ்சாவது படிக்கிறான். அவனுக்குத்தான சார் கேம் பெட்டி வாங்கப் போறாரு." பிறகு ராயப்பராஜைப் பார்த்து, "எங்க சார் அவன்? ஊருக்குப் போயிட்டானா?" என்று கேட்டான்.

ராயப்பராஜ் கதவைப் பிடித்துக்கொண்டார். வெளியே ஆட்டோக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. அவர் ஜெயமேரியைப் பார்க்கவில்லை. அவள் கையில் இருந்த செம்பைப் பார்த்தார். அது ஆடவில்லை.

"அவன் அவங்க அத்தை வீட்டுக்குப் போயிருக்கான்" என்றாள் ஜெயமேரி. "இன்னொரு பிள்ளை வேணும்னு கேளுங்கப்பா. அவனுக்கு ஒரு தங்கச்சி வேணும்னு கேளுங்க."

பையன்களுக்கு இப்போது விளங்கிவிட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்கள். பாத்திமா வாய் திறக்காததால் முனியப்பனே முன்னால் சொல்ல, மற்றவர்கள் பின்னால் சொன்னார்கள். பெலிக்ஸுக்கு ஒரு தங்கச்சியைத் தாரும். மூன்று முறை சொன்னார்கள். சத்தமாக, வஞ்சனையில்லாமல், ஆட்டத்தில் ஜெயிக்கும்போது கத்துவதைப் போலச் சொன்னார்கள். தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஆட்டோக்கள் போன பிறகு பாத்திமா, "யாருடி அது பெலிக்ஸு?" என்றாள்.

"அவரக் கேளு."

பாத்திமா அவரைக் கேட்கவில்லை. மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். தன் பையை எடுத்துக்கொண்டு, "நான் வாரேன் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனாள். சாதாரணமாக அவள் சாயங்காலம் வரை இருப்பாள்.

ஜெயமேரி இலைகளை எடுத்தாள். கூடத்தைத் துடைத்தாள். ராயப்பராஜும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு துடைக்கப் போனார். அவள் தடுக்கவில்லை. இருவரும் தரையில் இருந்தபடியே பேசினார்கள். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். எந்தக் கடை, எவ்வளவு நாளாக, அங்கே என்ன செய்வார். எல்லாவற்றையும் சொன்னார். சிவப்புக் காரைச் சொன்னார். பையன்களை எழுப்பிவிட்டு உட்கார்வதைச் சொன்னார். பாத்திரக்கடைக்காரர் கேட்டதையும் சொன்னார்.

"ஷூ தேயவே இல்லையேன்னு பாத்தேன்" என்றாள். "வேற யாரோ ஒருத்தி வீட்டுக்குப் போறீங்கன்னு நெனச்சேன்."

அவர் துணியைப் பிழிந்தார்.

"அந்தப் பெட்டி உங்களுக்குத்தான?"

"ஆமா."

"அத அவன் பேரச் சொல்லிக் கேட்டிருக்கீங்க."

"ஆமா."

அவள் எழுந்து வாளியை எடுத்தாள். "ஆச இருந்தா வாங்குங்க. நான் வேணாம்னு சொல்லல. ஆனா யாருக்குன்னு சொல்லி வாங்குங்க. அவன் பேருல அது இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது."

அவ்வளவுதான் பேசினாள். அதற்குப் பிறகு பல நாள் அவர் எங்கும் போகவில்லை. ஷூ கதவுக்குப் பின்னால் கிடந்தது. சாயங்காலங்களில் வாசலில் ஈசிச்சேரைப் போட்டு உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். பாய், பெட்டி எனக்குத்தான். இது கஷ்டமில்லை. சிரிப்பார்கள், அவ்வளவுதான். அடுத்த வாக்கியம்தான் வரவில்லை. பாய், பையன் இல்லை. இறந்துபோனான் என்றுகூடச் சொல்லிவிடலாம்; கேட்பவர்களுக்கு அது புரியும். இல்லவே இல்லை என்பதை எப்படிச் சொல்வது?

ஜூன் மாதம் முனியப்பன் வீடு தேடி வந்தான். பெட்டி வந்துவிட்டது, பாய் வரச் சொன்னார் என்றான். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தான். ஜெயமேரி அவனுக்கு முறுக்கு கொடுத்து அனுப்பினாள். ராயப்பராஜிடம், "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். பீரோவிலிருந்து பணத்தை எடுத்து மேசைமேல் வைத்திருந்தாள். அவர் ஷூவைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

கடையில் புதுப் பெட்டி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மழை உண்மையாகவே கண்ணாடியில் வழிந்தது. எல்லாப் பையன்களும் அந்த ஒரே டிவியைச் சுற்றி நின்றார்கள். அவரைப் பார்த்ததும் ஒருவன் எழுந்தான். அவர் உட்காரவில்லை.

நூர் அகமது மேசைக்கு அடியிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்து வைத்தார். பிரிக்காத அட்டைப்பெட்டி. அதன்மேல் தனியாக ஒரு ஜாய்ஸ்டிக், ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தது.

"இது என் கணக்கு சார். பெலிக்ஸுக்கு. ஒண்ணு வச்சு தனியா எப்படி ஆடுவான்? நீங்களும் அவனும் சேந்து ஆடுங்க."

ராயப்பராஜ் அட்டைப்பெட்டியின் மேல் கையை வைத்தார். வழவழப்பாக இருந்தது. மூலையில் சிவப்பாக ஒரு காரின் படம். பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் கேலி இல்லை. ஒரு பையனுக்கு அவனுடைய அப்பா பெட்டி வாங்குகிறார். அதைத்தான் பார்த்தார்கள். முனியப்பன் முகத்தில் கொஞ்சம் ஏக்கம் இருந்தது.

"வேணாம் பாய்" என்றார்.

"என்ன சார், வரவழைச்சாச்சே."

"அவங்கம்மா வேணாம்னுட்டாங்க. படிப்பு கெட்டுப்போகும்னு சொல்றாங்க. கணக்குல வேற கவனம் பத்தல."

நூர் அகமது அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டினார். பெட்டியை அவர் பக்கத்திலிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கோபம் இல்லை. வேறு யாராவது வாங்கிக்கொள்வார்கள், கவலை வேண்டாம் என்றார்.

"நல்ல தாய் சார். எங்க வீட்லயும் இதத்தான் சொல்லும். கட வச்சிருக்கவன் பிள்ளையே கடைக்குள்ள வரக்கூடாதுன்னு உத்தரவு" என்று சிரித்தார். ஜாய்ஸ்டிக்கை மட்டும் எடுத்து நீட்டி, இதையாவது கொண்டுபோய்க் கொடுங்கள், பையன் ஏமாந்துபோவான் என்றார். ராயப்பராஜ் அதை வாங்கவில்லை. லீவு நாளில் ஒரு தடவை கூட்டி வாருங்கள், காசு வேண்டாம் என்றார் நூர் அகமது. சரி என்று சொன்னார் ராயப்பராஜ். பையன்கள் ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

ஸ்டேஷன் ரோடு வரை வந்த பிறகுதான், தான் எல்லாவற்றையும் ஜெயமேரியின் தலையில் போட்டுவிட்டு வந்தது உறைத்தது. திரும்பிப் போகலாம் என்று நின்றார். நின்று, ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்தார். முழுத் தூரமும் நடந்தே போனார்.

ஜெயமேரி அவர் வெறுங்கையோடு வருவதைப் பார்த்தாள். பணத்தை மேசையில் வைத்துவிட்டு அவர் படியில் உட்கார்ந்து ஷூவின் முடிச்சைத் தேடினார்.

"என்ன சொன்னீங்க?"

அவர் குனிந்துகொண்டே, "நீ வேணாம்னு சொன்னதாச் சொல்லிட்டேன்" என்றார்.

"எதுக்கு வேணாமாம்?"

"படிப்பு கெட்டுப்போகும்னு."

அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அதை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்து நின்றாள்.

"நான் அப்பிடிச் சொல்ல மாட்டேன்" என்றாள். "நான் வாங்கிக் குடுத்திருப்பேன்."

ஷூவின் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. ராயப்பராஜ் நிமிரவில்லை.